சொரியாசிஸ் தடிப்பு ஏன் சிவக்கிறது? தோலின் நுண்நாளங்களை வளரச் செய்யும் மூலக்கூறுகள்

சொரியாசிஸ் தடிப்பின் மேல் படிந்திருக்கும் வெள்ளைச் செதிலை மெல்லச் சுரண்டி, அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வையும் நீக்கினால், குண்டூசி முனை அளவில் ரத்தப் புள்ளிகள் அரும்பும். 19ஆம் நூற்றாண்டு வியன்னாவின் தோல் மருத்துவர் ஹைன்ரிஷ் ஆஸ்பிட்ஸின் பெயர் இந்த அறிகுறிக்கு நிலைத்துவிட்டது; அவருக்கு முன்பே வேறு சிலரும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லா நோயாளிகளிடமும் இது தோன்றுவதில்லை, வேறு சில தோல் நோய்களிலும் தோன்றலாம். ஆகவே இதை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிப்பது தவறு. ஆனாலும் அந்தப் புள்ளிகள் ஓர் உடற்கூற்று உண்மையைக் காட்டுகின்றன: ரத்தத் தந்துகிகள் தோலின் பரப்புக்கு வெகு அருகில் ஏறி வந்திருக்கின்றன, அவற்றை மூடியிருக்கும் மேல்தோல் அந்த இடத்தில் மட்டும் மெலிந்திருக்கிறது.

இந்தச் சிவப்பை அழற்சியின் பக்கவிளைவாக மட்டுமே பார்க்கும் வழக்கம் மருத்துவப் பாடங்களில் நீண்டகாலம் இருந்தது. நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்கள் தூண்டுகின்றன, மேல்தோல் தடிக்கிறது, ரத்த ஓட்டம் தானாகக் கூடுகிறது என்று வரிசை சொல்லப்பட்டது. கடந்த ஐம்பது ஆண்டுகளின் ஆய்வுகள் இந்த வரிசை போதாது என்று காட்டிவிட்டன. நாளங்களை வளரச் சொல்லும் கட்டளை பெரும்பாலும் மேல்தோலின் செல்களிடமிருந்தே கிளம்புகிறது. வளர்ந்த நாளமோ அழற்சிச் செல்களைத் தோலுக்குள் இறக்கிவிடும் வாசலாகி, நோயைத் தானே ஓட்டத் தொடங்குகிறது.

நாளத்தின் குணம் மாறுவது

இயல்பான தோலில் மேல்தோலுக்குள் ரத்தநாளமே கிடையாது. அதன் அடியில், உள்தோல் சிறு முகடுகளாக மேலெழும்பி நிற்கிறது. ஒவ்வொரு முகட்டுக்குள்ளும் கொண்டை ஊசி போல வளைந்த ஒரு தந்துகி வளையம் ஏறி இறங்கும். ஏறும் கை நுண்தமனியிலிருந்து வருகிறது. இறங்கும் கை, தோல் பரப்பிலிருந்து சுமார் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் ஆழத்தில் கிடைமட்டமாகப் பரவியிருக்கும் நாளப்பின்னலில் உள்ள நுண்சிரையில் சேர்கிறது. முகட்டுக்குள் இருக்கும் பகுதி முழுவதும் தமனித் தந்துகியின் குணம் கொண்டது: அடிச்சவ்வு ஒரே சீரான அடுக்கு, உட்சுவர்ச் செல்களுக்கிடையே இடைவெளி இல்லை.

1970களில் யேல் பல்கலைக்கழகத்தின் இர்வின் பிரேவர்மன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சொரியாசிஸ் தடிப்புகளைப் பார்த்தபோது இந்தக் குணமே மாறியிருந்தது. முகட்டுக்குள் இருந்த வளையம் சிரைத் தந்துகியாகியிருந்தது. அடிச்சவ்வு பல அடுக்குகளாகப் பிரிந்திருந்தது. உட்சுவரில் மெல்லிய சவ்வால் மட்டுமே மூடப்பட்ட துளைகள் தெரிந்தன. சிகிச்சையில் தடிப்பு அடங்கியபோது வளையம் மீண்டும் தமனிக் குணத்துக்குத் திரும்பியது. இது சிறிய விவரம் இல்லை. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் திசுவுக்குள் வெளியேறுவது பெரும்பாலும் நுண்சிரைகளின் சுவர் வழியாகத்தான். முகட்டு வளையம் சிரைக் குணம் பெற்றுவிட்டால், வெள்ளணுக்கள் இறங்கும் துறை மேல்தோலின் காலடிக்கே வந்துவிடுகிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் மேல்தோலின் மேற்புறக் கொம்படுக்கு வரை ஏறி அங்கே குவியும் மன்றோ நுண்சீழ்க்கட்டிகளை நினைத்தால் இதன் பொருள் விளங்கும்.

‘நாளங்கள் பெருகிவிட்டன’ என்ற சொற்றொடரைக் கொஞ்சம் கவனமாகவே கையாள வேண்டும். திசு வெட்டில் மேல்தோலடி நாளப்பரப்பு சுமார் நான்கு மடங்கு கூடியிருப்பதாக அளந்திருக்கிறார்கள். ஆனால் முகட்டு வளையம் நீண்டு, அகன்று, முறுக்கிக்கொண்டிருக்கும்போது ஒரே வளையத்தை நுண்ணோக்கித் தகடு மூன்று நான்கு இடங்களில் வெட்டும். எண்ணுபவர் அவற்றை மூன்று நான்கு நாளங்களாக எண்ணிவிடுவார். சொரியாசிஸில் புதுக் கிளைகள் முளைப்பதைவிட, இருக்கும் வளையங்கள் நீள்வதும் அகல்வதும் முறுக்குவதும்தான் கண்ணில் மேலோங்கி நிற்கிறது. புற்றுநோய்க் கட்டியில் தாறுமாறாகக் கிளைத்துப் பரவும் நாளங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

காலவரிசையிலும் ஒரு தடயம் உண்டு. புதிதாகத் தோன்றும் மிகச் சிறிய புள்ளிகளில் மேல்தோல் தடிப்பதற்கு முன்பே தந்துகிகள் விரிந்திருக்கின்றன. பரவிக்கொண்டிருக்கும் தடிப்பின் விளிம்பைத் தாண்டி, கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் தோலிலும் சில மில்லிமீட்டர் தூரத்துக்கு ரத்த ஓட்டம் கூடியிருப்பதை லேசர் டாப்ளர் கருவி காட்டுகிறது. நாளவளர்ச்சி ஆய்வின் முன்னோடியான ஜூடா ஃபோக்மன் 1972ஆம் ஆண்டிலேயே, நாளவளர்ச்சியைத் தடுப்பது சொரியாசிஸுக்குச் சிகிச்சையாகலாம் என்று எழுதினார். அப்போது அவர் கையில் ஒரு மூலக்கூறின் பெயர்கூட இல்லை.

விஇஜிஎஃப்: முதன்மைக் கட்டளை

அந்த மூலக்கூறு 1983இல், வேறொரு பெயரில் வந்து சேர்ந்தது. நாளங்களைக் கசியவைக்கும் ஒரு புரதத்தைக் கட்டிச் செல்களிலிருந்து டொனால்ட் செங்கரும் ஹெரால்ட் ட்வோராக்கும் இனங்கண்டார்கள். ஒவ்வாமையில் சுரக்கும் ஹிஸ்டமினுடன் ஒப்பிட, மூலக்கூறுக்கு மூலக்கூறு சுமார் 50,000 மடங்கு வீரியமாக அது நாளத்தைக் கசியவைத்தது. 1989இல் நெப்போலியோன் ஃபெராராவின் குழு நாள உட்சுவர்ச் செல்களை வளர்க்கும் ஒரு காரணியைப் பிரித்தெடுத்து, அதற்கு விஇஜிஎஃப் (VEGF, நாள உட்சுவர் வளர்ச்சிக் காரணி) என்று பெயரிட்டது. இரண்டும் ஒன்றே என்று பிறகு தெரிந்தது. ஒரே புரதம் நாளத்தை வளர்க்கவும் செய்கிறது, கசியவும் விடுகிறது. சொரியாசிஸ் தடிப்பு சிவந்திருப்பதோடு நீர்கோத்து உப்பியும் இருப்பதற்கு இந்த இரட்டைக் குணம் ஒரு முக்கியக் காரணம்.

1994இல் மைக்கேல் டெட்மர், ட்வோராக் ஆகியோரின் குழு சொரியாசிஸ் தோலை ஆராய்ந்தபோது, விஇஜிஎஃப் மரபணுச் செய்தி தடிப்பின் மேல்தோலை ஆக்கும் கெரட்டினோசைட் செல்களில் மிகுந்திருந்தது. அதன் இரு ஏற்பிகளும் முகட்டுத் தந்துகிகளின் உட்சுவரில் கூடியிருந்தன. கெரட்டினோசைட்டுகள் தாமே சுரந்து தம்மையே தூண்டிக்கொள்ளும் டிஜிஎஃப்-ஆல்ஃபா என்ற வளர்ச்சிக் காரணி, அவற்றில் விஇஜிஎஃப் சுரப்பையும் கூட்டுகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. மேல்தோல் பெருகுவதற்கான சமிக்ஞையும் நாளம் வளர்வதற்கான சமிக்ஞையும் ஒரே செல்லில் பிணைந்திருக்கின்றன.

விஇஜிஎஃப்-ஏ, அதாவது இங்கே பேசும் விஇஜிஎஃப், பல வடிவங்களில் வருகிறது. 121 அமினோ அமிலங்கள் கொண்டது சுதந்திரமாகப் பரவும். 189 கொண்டது சுரந்த இடத்திலேயே, செல்களைச் சுற்றியுள்ள ஹெப்பரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகளோடு ஒட்டிக்கொள்ளும். 165 கொண்டது இரண்டுக்கும் நடுவே நின்று பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. மேல்தோலில் சுரந்து அடிச்சவ்வைக் கடந்து இறங்குவதால் செறிவு மேலே அதிகம், கீழே குறைவு. நாளம் செறிவு கூடிய திசையை நோக்கி நீள்வதால், வளையம் பக்கவாட்டில் பரவாமல் மேல்நோக்கி ஏறுவது இயல்பாகிறது.

உட்சுவர்ச் செல்லின் மேல் இரண்டு முக்கிய ஏற்பிகள் உண்டு. முதலாம் ஏற்பி விஇஜிஎஃப்-ஐ இறுகப் பற்றும், ஆனால் உள்ளே அனுப்பும் சமிக்ஞை பலவீனமானது. பல சூழல்களில் அது வீரியத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொறியாகவே வேலை செய்கிறது. உண்மையான வேலை இரண்டாம் ஏற்பியுடையது. அதன் 1175ஆம் அமினோ அமிலமான டைரோசினில் பாஸ்பேட் ஏறினால் பாஸ்போலைப்பேஸ்-சி காமா வழியாக எர்க் பாதை தூண்டப்பட்டு செல் பிரிகிறது. பிஐ3 கைனேஸ், ஏகேடி என்ற நொதிகளின் பாதை செல்லை உயிரோடு வைப்பதுடன் நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் நொதியையும் முடுக்குவதால் நாளம் விரிகிறது. 951ஆம் டைரோசின் வழியே எஸ்ஆர்சி கைனேஸ் செயல்பட்டு, உட்சுவர்ச் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் விஇ-காதெரின் தளர்கிறது, பிளாஸ்மா கசிகிறது. வளர்ச்சி, விரிவு, கசிவு மூன்றும் தனித்தனிக் கிளைகளில் ஓடுகின்றன. ஒரு மருந்து தடிப்பின் நீர்க்கோப்பை விரைவாகக் குறைத்தும், நீண்ட வளையம் சுருங்க வாரங்கள் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டளையைத் தூண்டுவது எது?

மேல்தோல் தடித்துவிட்டது, உள்ளே நாளம் இல்லை. இயல்பில் சுமார் 28 நாள் எடுக்கும் மேலேற்றத்தைச் சொரியாசிஸில் கெரட்டினோசைட் 3 முதல் 5 நாளில் முடிக்கிறது. ஆக்சிஜன் தேவை கூடும், தூரமும் கூடும். இந்த நிலையில் ஹெச்ஐஎஃப்-1ஆல்ஃபா என்ற புரதம் குவிவது எதிர்பார்க்கக்கூடியதே. சொரியாசிஸ் மேல்தோலில் அது கூடியிருப்பதும் உறுதியாகியிருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது இந்தப் புரதத்தின் 402, 564ஆம் இடங்களில் உள்ள புரோலின் அமினோ அமிலங்களில் ஒரு நொதி ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கும். விஹெச்எல் புரதம் அதை அடையாளம் கண்டு சிதைவுக்கு அனுப்பிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் இந்தச் சிதைவு நிற்கிறது. ஹெச்ஐஎஃப் செல்கருவுக்குள் போய் விஇஜிஎஃப் மரபணுவின் முன்பகுதியில் உள்ள தனக்குரிய இடத்தில் அமர்கிறது. இந்த ஆக்சிஜன் உணர்வுப் பொறிமுறையைக் கண்டறிந்ததற்காகத்தான் கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஆக்சிஜன் பஞ்சம் மட்டுமே காரணம் என்று நிறுத்திவிடுவது சரியாகாது. அழற்சிச் சமிக்ஞைகள் ஆக்சிஜன் போதுமான இடத்திலும் ஹெச்ஐஎஃப்-ஐக் குவிக்கும்: பிஐ3 கைனேஸ், எம்டார் பாதை அதன் உற்பத்தியைக் கூட்டுகிறது, என்எஃப்-கப்பாபி என்ற அழற்சிப் புரதம் அதன் மரபணுவையே முடுக்குகிறது. 2022இல் வெளிவந்த சுண்டெலி ஆய்வொன்றில், காயம்பட்ட மேல்தோலில் டி செல்கள் சுரக்கும் இன்டர்லூகின்-17ஏ என்ற சமிக்ஞைப் புரதம் நேரடியாக ஹெச்ஐஎஃப்-1ஆல்ஃபாவை இயக்கியது. காயம் ஆறும்போது பயன்பட வேண்டிய ஒரு திட்டம் சொரியாசிஸில் அணையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கொள்வதே தரவுகளோடு நன்றாகப் பொருந்துகிறது.

சொரியாசிஸின் மைய அச்சு இன்று தெளிவு. நோயெதிர்ப்பைத் தூண்டும் டென்ட்ரிட்டிக் செல்கள் சுரக்கும் இன்டர்லூகின்-23, டி செல்களை இன்டர்லூகின்-17ஏ, 22 ஆகியவற்றைச் சுரக்க வைக்கிறது. டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற இன்னொரு அழற்சிப் புரதமும் உடன் சேர்கிறது. இன்டர்லூகின்-17உம் டிஎன்எஃப்-உம் சேர்ந்தால் விளைவு கூட்டலாக இல்லாமல் பெருக்கலாகிறது. கெரட்டினோசைட் அப்போது விஇஜிஎஃப்-ஓடு வெள்ளணுக்களை ஈர்க்கும் சிஎக்ஸ்சிஎல்-8, சிஎக்ஸ்சிஎல்-1 போன்ற கீமோகைன்களையும் எல்எல்-37, சொரியாசின் போன்ற சிறு புரதங்களையும் கொட்டுகிறது. இவற்றில் பலவும் நியூட்ரோஃபிலை அழைப்பதோடு நாள வளர்ச்சியையும் தூண்டுகின்றன.

தடுப்புப் புரதம் குறைவது

முடுக்கிகளைப் பற்றி எழுதும்போது தடுப்பான்கள் எளிதில் விட்டுப்போகின்றன. 1994இல் பிரையன் நிக்கோலோஃப்பின் குழு ஒரு முக்கியமான செய்தியை வெளியிட்டது. சொரியாசிஸ் நோயாளிகளின் கெரட்டினோசைட்டுகளை வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்து, அந்த நீரை எலியின் கருவிழியில் சோதித்தபோது புது நாளங்கள் பலமாக முளைத்தன. காரணம் இரண்டு: இன்டர்லூகின்-8 என்றும் அழைக்கப்படும் சிஎக்ஸ்சிஎல்-8 மிகையாகச் சுரந்தது, நாள வளர்ச்சியைத் தடுக்கும் த்ரோம்போஸ்பாண்டின்-1 குறைவாகச் சுரந்தது. இதைவிட யோசிக்க வைப்பது, தடிப்பே இல்லாத பகுதித் தோலிலிருந்து எடுத்த கெரட்டினோசைட்டுகளிலும் இதே கோளாறு இருந்தது. அந்த நபரின் தோல் முழுவதும் ஓரளவு சாய்ந்த தராசாகவே இருக்கிறது. உராய்வோ தொண்டைக் கிருமித் தொற்றோ அதை முழுதாகச் சாய்க்கிறது.

மரபணுவிலும் இதற்கொரு குறிப்பு உண்டு. விஇஜிஎஃப்-ஏ மரபணு 6ஆம் குரோமோசோமின் குறுங்கையில் 6பி21 பகுதியில், சொரியாசிஸின் மிக வலுவான மரபணு இடமான பிசோர்ஸ்-1 இருக்கும் அதே அண்டையில் உள்ளது. விஇஜிஎஃப் மரபணுவின் +405 போன்ற சில மாற்றங்கள் இளவயதில் தொடங்கும் சொரியாசிஸோடு தொடர்புபடுத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் அருகருகே இருக்கும் மரபணுக்கள் சேர்ந்தே கடத்தப்படும் என்பதால், இந்தத் தொடர்பை மட்டும் வைத்துக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

ஆஞ்சியோபொயட்டின்: நாளத்தின் நிலைத்தன்மை

விஇஜிஎஃப் தனியாக வந்தால் கிடைப்பது ஒழுகும், நிலையற்ற நாளம். அது நிற்குமா, கலையுமா, மேலும் நீளுமா என்பதை ஆஞ்சியோபொயட்டின்களும் அவற்றின் டை-2 ஏற்பியும் தீர்மானிக்கின்றன. நாளத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும் பெரிசைட் செல்கள் ஆஞ்சியோபொயட்டின்-1ஐத் தொடர்ந்து சுரந்து நாளத்தை அமைதியாக வைத்திருக்கும். ஆஞ்சியோபொயட்டின்-2 உட்சுவர்ச் செல்லுக்குள்ளேயே வைபல்-பலாடே உடலங்கள் என்ற சேமிப்புப் பைகளில் தயாராகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. தூண்டல் வந்தால் நிமிடங்களில் வெளியேறி, அதே ஏற்பியில் அமர்ந்து ஆஞ்சியோபொயட்டின்-1இன் பிடியைத் தளர்த்தும். பெரிசைட் விலகும். அந்த நேரத்தில் விஇஜிஎஃப் இருந்தால் நாளம் வளரும். இல்லாவிட்டால் பின்வாங்கிச் சுருங்கும்.

சொரியாசிஸ் தடிப்பில் ஆஞ்சியோபொயட்டின்-1, ஆஞ்சியோபொயட்டின்-2, டை-2 மூன்றுமே கூடியிருக்கின்றன. ஆஞ்சியோபொயட்டின்-2 இன்னொரு வேலையும் செய்கிறது: டிஎன்எஃப்-க்கு உட்சுவர்ச் செல் காட்டும் எதிர்வினையைக் கூர்மையாக்குகிறது. குறைந்த டிஎன்எஃப் அளவிலேயே ஒட்டுப் புரதங்கள் வெளிப்படத் தொடங்கும். சொரியாசிஸ் மூட்டழற்சியிலும் இதே கையெழுத்து இருக்கிறது. மூட்டு உள்நோக்கியில் பார்த்தால் முடக்குவாதத்தில் மூட்டுச் சவ்வின் நாளங்கள் பெரும்பாலும் நேராகக் கிளைக்கும். சொரியாசிஸ் மூட்டழற்சியில் முறுக்கிய புதராகத் தெரியும், ஆஞ்சியோபொயட்டின்-2உம் கூடுதலாக இருக்கும். தோலிலும் மூட்டிலும் ஒரே வடிவில் நாளங்கள் முறுக்குவதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

இனி வாசல். டிஎன்எஃப்-உம் இன்டர்லூகின்-17உம் படும் உட்சுவர்ச் செல், இ-செலக்டின், ஐகாம்-1, விகாம்-1 ஆகிய ஒட்டுப் புரதங்களை வெளியே காட்டுகிறது. தோலை நாடும் டி செல்களின் மேல் சிஎல்ஏ என்ற சர்க்கரை முத்திரை உண்டு. இ-செலக்டின் அதைப் பிடித்து உருள வைக்கிறது, ஐகாம்-1 நிறுத்துகிறது, செல் சுவரைக் கடந்து உள்ளே போகிறது. உள்ளே போனது மேலும் இன்டர்லூகின்-17 சுரக்க, கெரட்டினோசைட் மேலும் விஇஜிஎஃப் சுரக்க, வளையம் மூடிக்கொள்கிறது.

சுண்டெலிகள் கொடுத்த சான்று

நாளம் வெறும் பார்வையாளர் இல்லை என்பதற்கு நேரடிச் சான்று மரபணு மாற்றிய சுண்டெலிகளில் கிடைத்தது. மேல்தோலின் அடியடுக்கில் மட்டும் விஇஜிஎஃப் மிகையாகச் சுரக்கும்படி மாற்றிய சுண்டெலிகளில், 2003இல் வெளியான ஆய்வின்படி, வேறு எந்தத் தூண்டலும் இன்றி நாளங்கள் முறுக்கின, மேல்தோல் தடித்தது, டி செல்கள் குடியேறின. தோலைக் காயப்படுத்திய இடத்தில் தடிப்பு எழும் கோப்னர் நிகழ்வும் தோன்றியது. விஇஜிஎஃப்-ஐப் பற்றிக்கொள்ளும் பொறி மூலக்கூறைக் கொடுத்தபோது நோய் பின்வாங்கியது. 2005இல் டை-2 ஏற்பியை மிகைப்படுத்திய சுண்டெலிகளிலும் சொரியாசிஸ் போன்ற நோய் வந்தது. டி செல்களை அடக்கும் சைக்ளோஸ்போரின் அதைத் தணித்தது. 2009இல், மரபணுக்களை இயக்கும் ஜுன் புரதங்களை மேல்தோலில் நீக்கி உண்டாக்கிய சுண்டெலி மாதிரியிலும் விஇஜிஎஃப் எதிர்ப்பு ஆன்டிபாடி அழற்சியை வெகுவாகக் குறைத்தது.

சுண்டெலியின் மேல்தோல் மெல்லியது, மயிர்க்கால்கள் நெருக்கமானவை, முகடுகள் மனிதத் தோலைப் போல இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு புரதம் மிகையாகச் சுரப்பது மனித நோயின் நகலும் அல்ல. விஇஜிஎஃப் மட்டும் போதுமானதாக இருக்கக்கூடும் என்று இந்த ஆய்வுகள் காட்டுகின்றன; மனிதரில் அதுதான் தொடக்கம் என்று காட்டவில்லை.

விஇஜிஎஃப் மருந்து ஏன் சொரியாசிஸுக்குத் தரப்படுவதில்லை

குடல் புற்றுக்கு விஇஜிஎஃப்-ஐத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்து பெற்ற ஒரு நோயாளியின் சொரியாசிஸ் முழுதாக மறைந்ததாக 2009இல் ஒரு மருத்துவக் குறிப்பு வெளியானது. ஒற்றை நோயாளிக் குறிப்பிலிருந்து சிகிச்சை விதி எழுத முடியாது. மேலும், விஇஜிஎஃப் ஏற்பியையும் வேறு கைனேஸ்களையும் தடுக்கும் சோராஃபெனிப் சிலரிடம் சொரியாசிஸ் போன்ற தடிப்பைக் கிளப்பியதாகவும் பதிவுகள் உண்டு. சுறா குருத்தெலும்பிலிருந்து எடுத்த நியோவஸ்டாட் என்ற நாளத்தடுப்பு மருந்து 2000களின் தொடக்கத்தில் சொரியாசிஸில் சிறிய அளவில் சோதிக்கப்பட்டது, ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் அது சிகிச்சையாக நிலைபெறவில்லை. கடைகளில் விற்கும் சுறா குருத்தெலும்பு மாத்திரைகளை இதன் பெயரால் வாங்கிச் சாப்பிடுவதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

தடை முக்கியமாகப் பாதுகாப்பில் இருக்கிறது. உடல் முழுவதும் விஇஜிஎஃப்-ஐ அடைத்தால் ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் போகும், காயம் ஆறத் தாமதமாகும், குடல் துளைபடுதலும் ரத்த உறைவும் நேரலாம். புற்றுநோயில் ஏற்கத்தக்க இந்த அபாயம், பல பத்தாண்டுகள் வாழ வேண்டிய தோல் நோயாளிக்கு ஏற்கத்தக்கதல்ல. அதிலும் கடும் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு இதயநோய் ஆபத்து ஏற்கனவே கூடுதல். இரண்டாவது காரணம், வழிகள் பல. விஇஜிஎஃப்-ஐ மூடினாலும் சிஎக்ஸ்சிஎல்-8உம் ஆஞ்சியோபொயட்டின்-2உம் திறந்தே இருக்கும்.

அதனால் மேலே, ஊற்றுக்கண்ணில் கைவைப்பதே நடைமுறையில் வென்றது. டிஎன்எஃப் தடுப்பான்கள் தொடங்கியபின் தடிப்பில் விஇஜிஎஃப்-உம் ஆஞ்சியோபொயட்டின்-2உம் குறைவது திசு ஆய்வுகளில் தெரிகிறது. இன்டர்லூகின்-17, 23 ஆகியவற்றைத் தடுக்கும் ஆன்டிபாடிகள் சங்கிலியை இன்னும் மேலே அறுக்கின்றன. பழைய மருந்துகளும் நாளத்தைத் தொடாமல் இல்லை: மெத்தோட்ரெக்ஸேட் உட்சுவர்ச் செல் பிரிவைக் குறைக்கிறது, ரெட்டினாய்டுகள் கெரட்டினோசைட்டின் விஇஜிஎஃப் சுரப்பைத் தணிக்கின்றன, வைட்டமின் டி வழிப்பொருள்கள் இரண்டிலும் கொஞ்சம் செய்கின்றன.

நாளத்தை மட்டும் குறிவைக்கும் ஒரே வழக்கமான சிகிச்சை 585 அல்லது 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசர். ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சிச் சூடாகி நாளச் சுவரைச் சேதப்படுத்துகிறது. பிடிவாதமான சிறு தடிப்புகள் சிலவற்றில் அதனால் மட்டுமே நோய் அடங்குகிறது. நாளத்துக்கு நோயில் பங்குண்டு என்பதற்கு மனிதரில் கிடைக்கும் மிக நேரடியான சான்றாக இதையே கருதுகிறேன். ஆனால் மெலனினும் அதே அலைநீளத்தை உறிஞ்சும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பெரும்பாலோருக்கு இருக்கும் மாநிறம், கருநிறத் தோலில் கொப்புளமும் நிறம் கருகுவதும் வெளிறுவதும் எளிதில் வரும். ஆற்றலைக் குறைத்து, குளிர்விப்பைக் கூட்டி, முதலில் ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகே தொடர வேண்டும்.

அளக்கும்போது நேரும் பிழைகள்

விஇஜிஎஃப் அளவு நோயின் தீவிரத்தோடு சேர்ந்து ஏறுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. எண்களை ஒப்பிடும்போது முதலில் கேட்க வேண்டியது, ரத்தம் உறைந்தபின் பிரியும் சீரமா, உறையவிடாமல் பிரிக்கும் பிளாஸ்மாவா என்பது. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தம்முள் சேமித்த விஇஜிஎஃப்-ஐக் கொட்டிவிடும். சீரம் அளவு அதனால் உயர்ந்து காட்டும், தட்டணு எண்ணிக்கையோடு சேர்ந்து ஆடும். சிட்ரேட் அல்லது ஈடிடிஏ குழாயில் எடுத்து, தாமதிக்காமல் சுழற்றிப் பிரித்து, தட்டணு நீக்கிய பிளாஸ்மாவை உறைய வைப்பதே நம்பகமானது.

திசுவில் எண்ணுவதற்கு 4 மில்லிமீட்டர் பஞ்ச் பயாப்சி போதும். தடிப்பின் விளிம்பும் நடுவும் ஒரே மாதிரி இருக்காது என்பதால் எங்கிருந்து எடுத்தது என்று குறித்தாக வேண்டும். மரப்பு ஊசியில் அட்ரினலின் கலந்திருந்தால் நாளங்கள் சுருங்கிவிடும். ஆய்வுக்காக எடுக்கும்போது வெறும் லிக்னோகெய்ன் நல்லது. பூசும் ஸ்டீராய்டை 2 வாரம், உள்ளுக்கான மருந்துகளை 4 வாரம் நிறுத்தியிருப்பது வழக்கமான நிபந்தனை. சாயத்தில் சிடி34 நாளத்தோடு உள்தோலின் வேறு செல்களிலும் ஒட்டும். சிடி31 தட்டணுக்களிலும் சில மேக்ரோஃபேஜ்களிலும் ஒட்டும். செல்கருவில் மட்டும் ஒட்டும் இஆர்ஜி சாயம் எண்ணுவதற்குத் தெளிவு. நிணநாளங்களைப் பிரித்தறிய டி2-40 சாயம் தேவை. எண்ணிக்கையை மட்டும் தராமல் நாளப்பரப்பின் சதவீதத்தையும் தந்தால், முறுக்கிய வளையத்தைப் பலமுறை எண்ணிய பிழை ஓரளவு அடங்கும்.

கருநிறத் தோலில் சிவப்பைப் படித்தல்

சொரியாசிஸின் பரப்பையும் தீவிரத்தையும் சேர்த்து அளக்கும் பாசி (PASI) மதிப்பெண் 0 முதல் 72 வரை போகும். சிவப்பு, தடிப்பு, செதில் என்ற மூன்றும் தலா 0 முதல் 4 வரை மதிப்பிடப்படுகின்றன. கருநிறத் தோலில் நாள விரிவு சிவப்பாகத் தெரியாது: ஊதா, சாம்பல், அடர்பழுப்பு என்று தோன்றும். வெள்ளைத் தோலின் படங்களைப் பார்த்துப் பழகிய கண் 3 தர வேண்டிய இடத்தில் 1 தரும். மொத்த மதிப்பெண் குறையும், தகுதியான சிகிச்சை தள்ளிப்போகும். இது நடக்கக்கூடாத அநீதி, தவிர்க்கவும் கூடியது.

தோலை உருப்பெருக்கிப் பார்க்கும் கைக்கருவியான டெர்மோஸ்கோப் இதற்கு உதவும். 10 மடங்கு உருப்பெருக்கத்தில் சொரியாசிஸ் தடிப்பில் ஒரே அளவான சிவப்புப் புள்ளிகள் சீராகப் பரவித் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு முகட்டு வளையத்தின் உச்சி. 100 மடங்குக்கு மேல் போனால் அந்தப் புள்ளி முறுக்கிய நூற்பந்தாகத் தெரியும். எக்சிமாவில் புள்ளிகள் திட்டுத்திட்டாகச் சிதறி, மஞ்சள் பொருக்கோடு வரும். செதில் கனமாக இருந்தால் ஒன்றும் தெரியாது. எண்ணெயோ ஜெல்லோ தடவி, தளர்ந்த செதிலை நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். கருவியை அழுத்திவிட்டால் தந்துகி வெறுமையாகிப் புள்ளிகள் மறைந்துவிடும். தோலில் படாத துருவ ஒளி முறையில் பார்ப்பதோ, எடை விழாமல் மெல்ல வைப்பதோ அவசியம். கருநிறத் தோலில் பின்னணி மங்கிய பழுப்பாக இருப்பதால் கூடுதல் பொறுமை வேண்டும். புள்ளிகள் இருக்கவே செய்யும்.

சிகிச்சையில் தோல் தெளிந்தபின் இதே கருவி இரண்டு கேள்விகளுக்குப் பதில் தரும். கண்ணுக்குத் தட்டையாகிவிட்ட இடத்தில் புள்ளி நாளங்கள் இன்னும் சீராகத் தெரிந்தால், அழற்சி அடங்கவில்லை என்றே கொள்ள வேண்டும். அங்கே பூச்சை ஒரேயடியாக நிறுத்தினால் அதே இடத்தில் தடிப்பு திரும்ப வாய்ப்பு அதிகம். கால்சிபோட்ரியால், பீட்டாமெத்தசோன் கலவை நுரையை வாரம் இருமுறை என 52 வாரம் தொடர்ந்த ஆய்வு, மீள்வரவு குறைந்ததைக் காட்டியிருக்கிறது. புள்ளிகள் மறைந்து, அவற்றின் இடத்தில் கோடுகளாகவும் வலையாகவும் சிவப்பு நாளங்கள் தெரிந்தால் அது நோய் அல்ல, ஸ்டீராய்டால் தோல் மெலிந்து அடிநாளங்கள் வெளித்தெரிகின்றன. குளோபிட்டசால் போன்ற அதிவீரியப் பூச்சைத் தொடர்ந்து 2 வாரத்துக்கும், வாரத்துக்கு 50 கிராமுக்கும் மேல் போகவிடக் கூடாது என்ற வரம்பைத் தாண்டியவர்களிடம், குறிப்பாகச் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் தடவியவர்களிடம், இந்த வலையைப் பார்க்கலாம். அந்தச் சிவப்பை நோய் என்று எண்ணி இன்னும் ஸ்டீராய்டு தடவினால் வலை அடர்த்தியாகும். ஸ்டீராய்டைக் குறைத்து, வைட்டமின் டி வழிப்பொருளுக்கோ 311 நானோமீட்டர் புறஊதா ஒளிச் சிகிச்சைக்கோ மாற வேண்டிய இடம் அது.